கடைசி வீட்டு மூச்சு

அத்தியாயம் நான்கு

பஸ் அவர்கள் இருவரையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனதும் ஊரில் சத்தமே இல்லாமல் போயிற்று. மதிய வெயிலில் ஒரே ஒரு தெரு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே நீலம், ஒரே கதவு, ஒரே ஜன்னல். முதல் வீடு தூங்கிக்கொண்டிருப்பது போலவும், மற்ற வீடுகள் அதன் கனவில் வந்தவை போலவும் இருந்தன.

"காணாமப் போறதுக்கு நல்ல ஊர்தான் டீச்சர். எந்த வீட்டுக்குள்ள போனோம்னு போனவனுக்கே தெரியாது" என்றார் கண்டக்டர்.

டீச்சர் பூகோளம் நடத்துவதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து வெகுநாள் ஆகிவிட்டது. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. கண்டக்டரும் அப்படித்தான். பஸ்ஸை விட்டார், தோல்பையை விடவில்லை. யாரைப் பார்த்தாலும் எங்கே ஏறியவர், எங்கே இறங்குவார் என்று சொல்லும் பழக்கத்தையும் விடவில்லை.

காணாமல் போனவர் ஒரு கணக்கெடுப்பாளர். அரசாங்க உதவித் திட்டத்தில் சலுகை அட்டை வைத்திருப்பவர்கள் உண்மையிலேயே ஏழைகள்தானா என்று ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது அவர் வேலை. மின்விசிறி, டிவி, ஃப்ரிட்ஜ் என்று எது கண்ணில் பட்டாலும் அட்டை போய்விடும். அட்டை போனால் தானியம் போகும், இலவச மருந்தும் போகும். போன வாரம் இந்த ஊருக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. ஃபோன் அணைந்து கிடந்தது.

முந்தின நாள் அவர் மனைவி டீச்சர் வீட்டுக்கு வந்து, அழாமல், தண்ணீரைக் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளன்னைக்குக் காலையில போலீஸ் அங்க போகுது டீச்சர். போனா ஊரையே பிரிச்சுப் போட்டுத்தான் தேடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துட்டு வாங்க. உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் எங்கிட்ட முதல்ல சொல்லுங்க."

"அவர் எப்பவும் கையில வச்சிருக்கிற பொருள் ஏதாவது இருக்கா?"

"சாப்பாட்டு டப்பா. எவர்சில்வர், ரெண்டு அடுக்கு. மூடியில ஒரு பள்ளம் இருக்கும். கல்யாணமான புதுசுல நான்தான் அவர் மேல எறிஞ்சேன். சுவத்துல பட்டுடுச்சு. அதுக்கப்புறம் வேற டப்பா வாங்கவே விடமாட்டேன்னுட்டார்."

அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் இப்போது இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

முதல் வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கணவன், மனைவி, மனைவியின் தம்பி. மூன்று பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து அறையின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். தம்பி எதற்கோ லேசாகச் சிரித்தது போலக்கூட இருந்தது.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். மனைவி சட்டென்று எழுந்தாள்.

"வாங்க சார், வாங்கம்மா. நல்லாப் பாருங்க. எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல."

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சொல்லிக்கொண்டே அவள் கை சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியது. எதுவும் நடக்கவில்லை. சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள். டீச்சர் அண்ணாந்து பார்த்தார். கூரையெல்லாம் அடுப்புப் புகையின் கறுப்பு. நட்டநடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம் சுத்தமாக இருந்தது. வட்டத்தின் மையத்தில் ஒரு கொக்கி வெறுமனே தொங்கியது.

அடுத்த வீட்டில் ஒரு பெண் பால் பாத்திரத்தோடு சமையலறை மூலைக்குப் போய், காற்றில் எதையோ பிடித்து இழுத்துத் திறக்கப் பார்த்துவிட்டு நின்றாள். தரையில் நான்கு துருக்கறைகள் சதுரமாக இருந்தன. அவள் பாத்திரத்தை அடுப்பு மேலேயே வைத்துவிட்டு, "நாங்க ரொம்பக் கஷ்டப்படறோம் மேடம்" என்றாள், மனப்பாடம் ஒப்பிப்பது போல.

தெருவுக்கு வந்ததும் கண்டக்டர் குரலைத் தாழ்த்தினார். "என் பையப் பாத்து நாமளும் கணக்கெடுக்க வந்த ஆளுங்கன்னு நெனச்சுட்டாங்க. சரி, அது போகட்டும். அந்த மூணு பேரும் என்ன டீச்சர் பாத்துட்டிருந்தாங்க?"

"டிவி."

"அங்க டிவி இல்லையே."

"பழக்கம் இருக்கே. மத்த ஊர்ல செத்த மனுஷங்க பேயா வருவாங்க. இங்க பொருளெல்லாம் வந்து போகுது."

"சொல்லாதீங்க. எங்க வீட்டு மிக்ஸி போன மாசந்தான் செத்துச்சு. உயிரோட இருந்தப்பவே அது போட்ட சத்தம் தாங்காது." கண்டக்டர் இரண்டடி நடந்துவிட்டு நின்றார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது. "அப்ப ஊரே பொருளை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு. அந்த இடத்த இவர் பாத்துட்டாருன்னா?"

"பாத்திருந்தா, அவர் திரும்பி வரக்கூடாதுன்னு நெனைக்க இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் காரணம் இருக்கு."

வெயில் இருந்தும் கண்டக்டர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

தெருவின் கடைசிக்கு முந்தின வீட்டு வேலியில், ஒரு கம்பின் மேல், எவர்சில்வர் டப்பா ஒன்று கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் மூடி. மூடியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கி, வெயிலைப் பிடித்து மின்னியது.

"போச்சு, ஆள முடிச்சுட்டாங்க" என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

"கண்டக்டர், ஆளைக் கொன்னவங்க டப்பாவ என்ன பண்ணுவாங்க?"

"கிணத்துல போடுவாங்க. இல்ல, புதைப்பாங்க."

"புளி போட்டுத் தேச்சு, வெயில்ல கவுத்து வைப்பாங்களா?"

கண்டக்டர் டப்பாவை மறுபடி பார்த்தார். "நேத்து சாப்பிட்டதையும் இன்னைக்குச் சாப்பிடப் போறதையும்தான் இப்படித் தேய்ப்பாங்க."

வாசலில் ஒரு தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கழுத்தில் அளவு டேப், வாயோரத்தில் ஒரு குண்டூசி. பார்வை முதலில் டப்பாவுக்குப் போய், பிறகுதான் இவர்களிடம் வந்தது. மெஷினும் அரசாங்கம் கொடுத்ததுதான். பக்கவாட்டில் மோட்டார் மாட்டும் இடத்தில் இரண்டு ஓட்டைகள் பளபளவென்று இருந்தன. அவள் கால் மிதித்துப் பழக்கமில்லாமல் தடுமாறுவதை டீச்சர் வரும்போதே கவனித்திருந்தார்.

"மோட்டார் என்னாச்சும்மா?" என்றார் கண்டக்டர்.

"மெஷின் வச்சிருந்தா ஏழை சார். மோட்டார் வச்சிருந்தா முதலாளி. நாங்க ஏழைங்க." குண்டூசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள்.

"இந்த டப்பா?"

"எங்களுதுதான்."

"பள்ளம் விழுந்திருக்கே."

"கைதவறி விழுந்துச்சு."

கண்டக்டர் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கைதவறினதுக்கு இவ்வளவு ஆழமா விழாது. யாரோ பாசமா எறிஞ்சிருக்காங்க."

அறைக்குள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒல்லி. கண்கள் மட்டும் பெரியவர்களுடையவை. புத்தகத்தைப் பிடித்திருந்த விரல் நுனிகளில் மிளகைத் தூவியது போல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

"தையல் ஊசி குத்திடுச்சாடா?" என்றார் டீச்சர்.

"இல்ல மேடம். அது அம்மாவோட ஊசி. எனக்கு வேற ஊசி இருக்கு."

"உள்ள போ" என்றாள் தையல்காரி.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. தெருவின் கடைசி வீட்டிலிருந்து, மூடிய கதவுக்கும் மூடிய ஜன்னலுக்கும் பின்னாலிருந்து வந்தது. ஆழமான, கரகரப்பான, நீண்ட சத்தம். மல்லாந்து படுத்திருக்கும் ஒருவர் சிரமப்பட்டு மூச்சை இழுப்பது போல. இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை. இழுத்துக்கொண்டே இருந்தது.

கண்டக்டரின் கையிலிருந்த மூடி மெல்ல இறங்கியது. "அது யாரு?"

"எங்க அக்கா" என்றாள் தையல்காரி. "போன கோடையில போயிட்டா. மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டே இருப்பா. இப்பவும் வாங்குது. அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. நீங்களும் போகாதீங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் ஒப்பிக்கவில்லை. டீச்சர் தலையாட்டிவிட்டு நடந்தார். கண்டக்டருக்கு அதில் முழுச் சம்மதம். டீச்சரைவிட வேகமாக நடந்தார்.

பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டு, வீடுகளின் பின்பக்கமாகச் சுற்றித் திரும்பினார்கள். ஏதோ ஒரு திட்டத்தில் கட்டி, தண்ணீர் வராமலே நின்றுபோன தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்தார்கள். கடைசி வீட்டின் பின்ஜன்னலும் தையல்காரியின் சமையலறை வாசலும் நேர் எதிரே தெரிந்தன.

"தொட்டி கட்டினவனுக்கு நன்றி. தண்ணிக்கு உதவல, துப்பறிய உதவுது" என்றார் கண்டக்டர்.

"அந்தக் கொடியப் பாருங்க."

இரண்டு வீடுகளுக்கும் நடுவே, கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, துணி காயப்போடும் கொடி ஒன்று கட்டியிருந்தது.

"பாத்தேன். அதுல என்ன?"

"தையல்காரி வீட்டுக் கொடி. நல்ல வெயில். ஒரு கைக்குட்டை கூட இல்ல."

கண்டக்டர் கொடியைக் கம்பத்திலிருந்து கம்பம்வரை மறுபடி பார்த்தார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது சமையலறை வாசல் திறந்தது. தையல்காரி வெளியே வந்தாள். கையில் டப்பா. முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள், சூடு தாங்காமல். கடைசி வீட்டின் பின்ஜன்னலருகே போய் நின்றாள். ஜன்னல் ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை வந்து டப்பாவை வாங்கிக்கொண்டது.

"டீச்சர், பேய்க்குக் கையில வாட்ச் இருக்கு" என்று கிசுகிசுத்தார் கண்டக்டர்.

தையல்காரி போய்விட்டாள். மூச்சுச் சத்தம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது. பிறகு அந்தச் சிறுமி வந்தாள். ஜன்னலைத் தட்டினாள். அதே கை டப்பாவை நீட்டியது. அவள் அதை வாங்கி, கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடி, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். சாய்ந்தும் தணியாத வெயிலில் அவள் முகத்தில் மட்டும் வேறு ஏதோ பருவம் வந்து போனது.

திரும்பும் வழியில் டீச்சர் அவள் முன்னால் போய் உட்கார்ந்தார். சிறுமி ஓடவில்லை. டப்பாவை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

"திறக்க மாட்டேன். வெளிய தொட்டுப் பாக்கட்டுமா?"

சிறுமி யோசித்துவிட்டு நீட்டினாள். டப்பா முழுக்க நீர் முத்துகள் கோத்திருந்தன. விரல் வைத்த இடத்தில் கோடு இறங்கியது.

டீச்சர் எழுந்தார். "சூடா உள்ள போன டப்பா, குளிர்ந்து வேர்த்து வெளிய வருது. கண்டக்டர், இறந்துபோன அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கல. அது ஃப்ரிட்ஜ். கொடி இல்ல அது, கரண்ட் ஒயர். டப்பாவுல போறது சாப்பாடு. வர்றது..."

"இன்சுலின்" என்றாள் தையல்காரி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை. தினம் ரெண்டு வேளை ஊசி. அட்டைக்குத்தான் மருந்து இலவசமாக் குடுக்கறாங்க. மருந்தக் குளிர்ச்சியா வைக்கணும்னு குடுக்கறவங்களே சொல்றாங்க. முன்னாடி பானைத் தண்ணியில வச்சிருந்தேன். போன கோடையில கெட்டுப்போயிடுச்சு, எனக்குத் தெரியல. போட்டேன். ரெண்டு நாள் இவ கண்ணத் திறக்கல. அதுக்கப்புறம் ராப்பகலாத் தச்சு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஃப்ரிட்ஜ் இருந்தா அட்டை கிடையாதாம். சொல்லுங்க, நான் எதை வச்சுக்கட்டும்?"

டீச்சர் சிறுமியின் விரல் நுனிகளைப் பார்த்தார்.

"அவர விட்டுடுங்கம்மா. மனுஷன அடைச்சு வச்சா, அது ஃப்ரிட்ஜ விடப் பெரிய குத்தம்" என்றார் கண்டக்டர். குரலில் கேலி இல்லை.

தையல்காரி அவரை விநோதமாகப் பார்த்தாள். "நாங்களா அடைச்சோம்? வாங்க, நீங்களே கேளுங்க."

கடைசி வீட்டு வாசலில் பூட்டு இல்லை. நாதாங்கி கூட இல்லை. தையல்காரி ஒதுங்கி நின்றாள். டீச்சர் கதவைத் தட்டினார்.

"சார், உங்க வீட்டுக்காரம்மா அனுப்பினாங்க. டப்பா பள்ளத்தோட அப்படியே இருக்கான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கதவின் உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கண்டக்டர் டீச்சரைப் பார்த்தார். "உள்பக்கம் தாழ்ப்பாள்."

கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரமானது. முதலில் தெரிந்தவை மின்விசிறிகள். இறகுகளைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள், பறக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட பறவைகளைப் போல. டிவிகள் தண்டனை வாங்கிய பிள்ளைகளாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மிக்ஸிகள், கட்டில்கள், தையல் மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் துணி தைத்துக் கட்டியிருந்தது. ஒரு வீட்டுக்குப் பூப்போட்ட துணி, இன்னொரு வீட்டுக்குக் கோடு போட்டது. அந்த ஊரின் நல்ல வாழ்க்கை முழுவதும் ஒரே அறைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் வெள்ளையாக, சிறுமி உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ், மூச்சு விட்டுக்கொண்டு.

கணக்கெடுப்பாளர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். முகம் முழுக்கத் தாடி. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன. அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. மடியில் கணக்கெடுக்கும் கருவி, சிலேட்டு அளவில், வெளிச்சத்தோடு. அவர் தலைக்கு நேர் மேலே, கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது. அந்த அறையில் மாட்டியிருந்தது அது ஒன்றுதான். அதில் மட்டும் துணி இல்லை.

"போங்க சார்னு ஊரே வந்து கெஞ்சியாச்சு. போக மாட்டேங்கறார். பட்டினி போட முடியுமா? அதான் சாப்பாடு" என்றாள் தையல்காரி.

"யாரும் என்னை ஒண்ணும் பண்ணல" என்றார் கணக்கெடுப்பாளர். பேசி நாளான குரல். "நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்."

"ஏன் சார்?"

அவர் கருவியைப் பார்த்தார். "போன வருஷம் இதே வீட்டுக்கு வந்தேன். மின்விசிறி இருக்கான்னு கேள்வி. அண்ணாந்து பாத்தேன், இருந்துச்சு. ஆமாம்னு அழுத்தினேன். அது தப்பில்ல."

"தப்புன்னு நாங்க சொல்லலையே."

"அழுத்தறதோட என் வேலை முடிஞ்சுது. அப்புறம் என்ன ஆகும்னு இதுல வராது."

"அட்டை போச்சு. நெஞ்சு மருந்து நின்னுபோச்சு" என்றாள் தையல்காரி. கோபமில்லாமல், மெதுவாக, வேறு யாருடைய கதையையோ சொல்வது போல. "அந்த ஃபேன் அவ வாங்கினது இல்ல சார். அக்காவுக்குப் புழுக்கம் தாங்கல, மூச்சு முட்டுதுன்னு தெருவே சேர்ந்து வாங்கி மாட்டினது. அது சுத்தறப்பவே போயிட்டா."

கணக்கெடுப்பாளர் மேலே பார்க்கவில்லை. "நீக்கின வீட்டை இன்னொரு தடவ பாக்கணும், தப்பா நீக்கியிருந்தா மறுபடி சேக்கலாம்னு இந்த வருஷம் உத்தரவு. முதல்ல இங்கதான் வந்தேன். தட்டினேன். யாரும் திறக்கல. தள்ளினேன். இதெல்லாம் இருந்துச்சு. அந்தம்மா இல்ல. முதல் கேள்வியிலயே நின்னுட்டேன்."

கருவியைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு வரி ஒளிர்ந்தது. *அட்டைதாரர் உயிருடன் இருக்கிறாரா?* கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

"இல்லைன்னு அழுத்தினா அடுத்த கேள்வி வரும். வந்தா இதெல்லாம் பதிவாகும். பாத்ததப் பாக்கலன்னு அழுத்த எனக்கு வராது, இத்தன வருஷத்துல வந்ததில்ல. அழுத்திட்டா அந்தப் பொண்ணு..." அவர் பார்வை கதவோரம் நின்ற சிறுமிக்குப் போய், உடனே திரும்பியது. "வெளிய போனா அழுத்தியாகணும். உள்ளயே இருந்தா அழுத்த வேண்டியதில்ல."

"தனியா இந்த வீட்ல பயமா இல்லையா சார்? ஊரே அக்கா மூச்சு விடறாங்கன்னு சொல்லுது" என்றார் கண்டக்டர்.

"ஃப்ரிட்ஜ் ஓடறவரைக்கும் பயமில்ல." அவர் கொஞ்சம் யோசித்தார். "நின்ன பிறகும் கேக்குது."

அவர் சொல்லி முடிக்கவும் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி நின்றது. ஐந்து பேரும் அசையவில்லை. எங்கோ, மிக மெல்லியதாக, ஏதோ ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது போலிருந்தது. யாருடைய மூச்சு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

டீச்சர்தான் முதலில் பேசினார்.

"நாளைக்குக் காலையில உங்களத் தேடிப் போலீஸ் வருது சார். அவங்க இந்தக் கதவத் தட்ட மாட்டாங்க, உடைப்பாங்க. நீங்க அழுத்தாம இருக்கறதுனால யாரும் தப்பிக்கப் போறதில்ல."

அவர் தலை குனிந்தது.

"ஒண்ணு கேக்கறேன். கருவி என்ன கேக்குது? இந்தப் பொருள் யாரோடதுன்னு கேக்குதா?"

"இல்ல. இந்த வீட்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு கேக்கும்."

"துணியில பூ போட்டிருக்கா, கோடு போட்டிருக்கான்னு?"

"அதெல்லாம் கேக்காது."

"இது யார் வீடு?"

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க பொய் எழுத வேண்டாம் சார்" என்றார் டீச்சர். "பாத்தத அப்படியே அழுத்துங்க. இந்த வீட்ல நிறைய மின்விசிறி இருக்கு. டிவி இருக்கு. ஃப்ரிட்ஜ் இருக்கு. எல்லாம் இறந்துபோன அம்மாவோட வீட்ல இருக்கு. அப்புறம் தெருவுக்குப் போங்க. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சு பாருங்க. என்ன இருக்கோ, அத அழுத்துங்க. நாங்க பாத்துட்டுத்தான் வர்றோம். அங்க ஒண்ணுமே இல்ல."

"அந்தம்மாவ நீக்கிடுமே..."

"போன வருஷமே நீக்கியாச்சு. அவங்ககிட்டேர்ந்து எடுக்க இனிமே எதுவும் பாக்கி இல்ல. அதனால எவ்வளவு வேணும்னாலும் அவங்க வச்சுக்கலாம்."

கண்டக்டர் மெல்லச் சிரித்தார். "ஒரு ஃபேன் இருந்தப்ப அவங்கள விட்டு வைக்கல. இப்ப ஊர் ஃபேன் மொத்தமும் அவங்களுது. யார் என்ன பண்ண முடியும்?"

கணக்கெடுப்பாளர் சிரிக்கவில்லை. விரலைத் திரைமேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வாரமாக அவர் தாண்டாமல் நின்ற இடம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தையல்காரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுத்துங்க சார். அக்கா இல்லைங்கறது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்."

*இல்லை.*

பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. மின்விசிறி வந்தபோதுதான் அவர் முதல்முறையாக அண்ணாந்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சுவரோரம் இருந்தவற்றையும் எண்ணி அழுத்தினார். கடைசியில் கருவி ஒரு சின்னச் சத்தம் போட்டது. திரையில் எழுத்துகள் வந்தன. *தகுதி இல்லை. ஏற்கெனவே நீக்கப்பட்டவர்.*

"எங்கக்கா இந்த ஊர்லயே பெரிய பணக்காரி ஆயிட்டா" என்று தையல்காரி சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் முந்தானை வாய்க்குப் போயிற்று.

பொழுது இறங்குவதற்குள் கணக்கெடுப்பாளர் தெருவின் எல்லா வீடுகளுக்குள்ளும் போய் வந்தார். எங்கேயும் அவர் பொய் எழுதவில்லை. வெறும் கொக்கிகள், வெறும் மூலைகள். முதல் வீட்டில் மூன்று பேரும் இன்னமும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்தார்.

கண்டக்டர் தெருமுனையில் நின்று ஃபோனில் பேசினார். "உயிரோட இருக்கார்மா. கடைசி பஸ்ல கூட்டிட்டு வர்றோம். டப்பாவும் வருது. ஒரே ஒரு வேண்டுகோள், நாங்க வர்றப்ப கையில எதையும் வச்சுக்காதீங்க."

மறுமுனையில் அந்த அம்மா முதல்முறையாக அழுவது கேட்டது. கண்டக்டர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தார்.

கணக்கெடுப்பாளர் முடித்துவிட்டு வந்ததும் தெரு அசைய ஆரம்பித்தது. மின்விசிறிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்கள் கடைசி வீட்டிலிருந்து வரிசையாக வந்தார்கள். நீல வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. முதல் வீட்டு மூலையில் ஒரு டிவி பேசத் தொடங்கியது.

ஃப்ரிட்ஜ் மட்டும் வரவில்லை.

"அடுத்த வருஷம் வேற யாராவது வருவாங்க" என்றார் டீச்சர்.

"வரட்டும் டீச்சர். அது அங்கயே இருக்கட்டும். அக்கா பாத்துக்குவா." தையல்காரி மகளைத் தொட்டாள். "போ, ராத்திரி ஊசிக்கு நேரமாச்சு."

பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. கண்டக்டர் பழக்கத்தில் கையைக் காட்டினார். கணக்கெடுப்பாளர் டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றார். டீச்சர் மட்டும் பார்த்தார்.

தெருவின் கோடியில், விளக்கில்லாத ஒரே வீட்டின் முன்னால், சிறுமி நின்றாள். கதவில் பூட்டு இல்லை. தள்ளினால் போதும். ஆனாலும் அவள் தட்டினாள். அந்த வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"பெரியம்மா, நான்தான். மருந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இருட்டுக்குள்ளிருந்து அந்த ஆழமான மூச்சு மெல்ல எழுந்தது. சிறுமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.